வீட்டுக்குள்ளிருந்து போன சேதி

பால்கனிக் கம்பியைச் சிட்டு மறுபடியும் ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழைந்துவிடாதபடி கணவன் போன வாரமே வலை அடித்துக் கொடுத்திருந்தான். அடுக்களைக் கத்திகள் மேல் தட்டுக்கு ஏறிவிட்டன. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வந்துவிட்டது. இன்னும் வராத ஒரு குழந்தைக்காக வீடே கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

ஓரிடத்தில் நிற்காமல் திரிந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் வைத்த செல்லப் பெயர் சிட்டு. காது கேட்கும் கருவி விற்கும் கடையில், வருகிறவர்களின் காதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போன ஒரு குழந்தையைப் பறிகொடுத்து, இனிமேல் முயற்சி வேண்டாம் என்று டாக்டரும் கையை விரித்த பிறகு, தத்தெடுக்கலாம் என்று முதலில் வாய் திறந்தவள் அவள்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவன் யோசிக்கக்கூட இல்லை. "சரி" என்றான். அந்தச் 'சரி'யின் வேகம் அன்றைக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அலைச்சல்தான். கல்யாணப் பதிவுச் சான்று, சம்பளச் சான்று, போலீஸில் எந்த வழக்கும் இல்லை என்று ஒரு சான்று, குடும்பத்தை நன்றாகத் தெரிந்த வெளியாட்கள் இருவரின் நற்சாட்சி. உடம்புக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர். இத்தனையும் முடிந்து, வீட்டை நேரில் பார்த்து எழுதும் அறிக்கை மட்டும் பாக்கி. கூடவே மாமனாரின் மருத்துவச் சான்றும் பாக்கி. குழந்தை வளரப்போகும் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது வேண்டும் என்பது குழந்தையைத் தத்து கொடுக்கும் மையத்தின் விதி. அந்த மனிதரோ வாரக்கணக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் முட்டி வலி, ஒருநாள் மழை, ஒருநாள் "அடுத்த வாரம் பார்க்கலாம்மா."

அழைப்பு மணி அடித்தது. கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் தூக்கவில்லை. அவர் என்றைக்குத் தூக்கினார்? சிட்டுவே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

மையத்திலிருந்து வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தட்டையான செருப்பு, தோளில் துணிப்பை, சத்தமே இல்லாத குரல். எதையும் தொடாமல் எல்லாவற்றையும் பார்த்தார். குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறக்குமா என்று கேட்டார். மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு உண்டா என்றார். சிட்டு எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர்?"

"ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னுருச்சுன்னு அவசரமா கூப்பிட்டாங்க மேடம். இருக்கணும்னுதான் பார்த்தார்..."

"பரவாயில்லம்மா. அவரைத்தான் போன வாரமே மையத்துல தனியா பார்த்துட்டேனே. இன்னிக்குப் பெரியவரும் நீங்களும் போதும். ஒவ்வொருத்தரா பேசலாமா?"

முதலில் மாமனார். கூடத்துக் கதவு சாத்திக்கொண்டது. காபி போடும் சாக்கில் அடுக்களையில் நின்ற சிட்டுவின் காது மட்டும் கூடத்தில் இருந்தது. அந்த அம்மாளின் குரல் மெல்லிய முணுமுணுப்பாக வந்தது. நடுநடுவே மாமனாரின் கனத்த குரல்: "ஆமா." கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாமா." அப்புறம் இன்னொரு "ஆமா."

எதற்கு இந்த ஆமா? மருமகளிடம் நாள் முழுக்க நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எதற்கெல்லாம் தலையாட்டுகிறார்?

அடுத்தது சிட்டுவின் முறை. "குழந்தைக்குன்னு வெச்சிருக்கற ரூம்ல உக்காந்து பேசலாமா?" என்றார் அந்த அம்மாள். வெளிர் மஞ்சள் சுவர், மூலையில் ஒரு சின்ன அலமாரி, இரண்டு நாற்காலிகள். வேறு எதையும் வாங்கிப் போட சிட்டுவுக்குத் துணிச்சல் வரவில்லை.

கேள்விகள் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தன. குழந்தையிடம் அது தத்தெடுத்த குழந்தை என்பதை எப்போது சொல்வீர்கள்? உறவுக்காரர்கள் ஏதாவது குத்திப் பேசினால் என்ன செய்வீர்கள்? உங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அந்த அம்மாள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார். சிட்டுவும் தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எழுதும் கை சட்டென்று நின்றது. முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ரூம்ல நீங்க தனியா உக்காந்து யார்கிட்டயோ பேசுவீங்களாமே... அதைப் பத்திச் சொல்லுங்களேன்."

சிட்டு அலமாரிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பேசினாள்தான். குழந்தையை இழந்த பிறகு, வீடு தூங்கியதும் எழுந்து வந்து இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாக, முணுமுணுப்பாக, தனக்கே கேட்காத குரலில் பேசியிருக்கிறாள். மாதக்கணக்கில். பிறகு அது தானாக நின்றுபோனது. மனசு டாக்டரிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"இல்லையே மேடம்" என்றாள். "அப்படி எதுவும் இல்லையே. யார் சொன்னாங்க?"

"யார்னு நான் சொல்லக் கூடாதும்மா." அந்த அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுவும் இல்லைன்னே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

பேனா நகர்ந்தது. ஒரு பொய் கண்ணெதிரே மையாக மாறுவதைச் சிட்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மாள் சொன்னார்: "பெரியவரோட மருத்துவச் சான்று சீக்கிரம் வரணும். அது இல்லாம அறிக்கை மேல போகாது. அப்புறம் ஒண்ணு. நாங்க கேக்குற எதுவும் உங்களைக் கவுக்குறதுக்கு இல்லம்மா. குழந்தைக்கு நாங்க பதில் சொல்லணும் இல்லையா?"

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். முகத்தைத் துருவுகிற பார்வை. கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கண்டாலே அவளுக்கு உடம்பு கூசும்.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். அவள் போய்ச் சொல்லவில்லை. கணவனோ கட்டிலில் விழுந்தால் இடி விழுந்தாலும் எழாதவன். மிச்சம் இருப்பது, அந்த அறைக்கு நேர் எதிரே கூடத்தில் படுக்கிற இந்த மனிதர்தான்.

எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தது. தத்தெடுக்கப் போகிறோம் என்று இரண்டு பேரும் முதன்முதலில் சொன்ன அன்று, இவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து முகம் கழுவப் போனார். பின்னாலிருந்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டால் கல்லுப்பிள்ளையாராக இருப்பார். சான்றிதழுக்கு வாரக்கணக்கில் இழுத்தடிப்பு. வேற்று ரத்தம் வீட்டுக்குள் வருவது பிடிக்கவில்லை. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை. மருமகளுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்துவிடும்.

கணவனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பான். போனை வைத்துவிட்டு மாமனாரின் காபி டம்ளரை எடுப்பதுபோலக் குனிந்து, முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க மாமா?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றார் அவர். "சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்."

அவளுக்குத் தலைக்கேறியது. என்ன நக்கல்! காபி டம்ளரை மேசையில் டங்கென்று வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கிளம்புங்க. இன்னிக்கே செக்கப் முடிச்சாகணும். முட்டி வலியும் வேணாம், மழையும் வேணாம்."

அவர் அவள் உதடுகளைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "இன்னிக்கா? நாளைக்கு..."

"இன்னிக்கு."

டாக்டரின் அறையும் சிட்டுவின் கடையும் ஒரே கட்டடத்தில். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், கண்ணுக்கு எழுத்துப் பலகையைக் காட்டினார். "இந்த வயசுக்குக் கல்லு மாதிரி இருக்கார்" என்று மெச்சினார். "காது மட்டும் பாக்கி. அதுக்கு நான் எதுக்கு? வீட்டுலயே ஆள் இருக்கே. நீங்களே பார்த்துச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

மாமனார் எழுந்து நின்றார். "அதெல்லாம் வேணாம்மா. காதுக்கென்ன கேடு?"

"விதின்னா விதிதான் மாமா."

சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அவரை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டினாள். கையில் பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க." கதவை மூடிவிட்டு வெளியே தன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். கோபம் இன்னும் தணியவில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு முகத்துக்கு நேராகக் கேட்டுவிடவேண்டும் என்றிருந்தது.

கனத்த ஒலிகளில் ஆரம்பித்தாள். பொத்தான் விளக்கு எரிந்தது. கொஞ்சம் தாமதமாக, ஆனால் எரிந்தது. அப்புறம் விசில் மாதிரியான கீச்சொலிகளுக்குப் போனாள். விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் பொத்தானைப் பிடித்தபடி, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டுமென்றே அழுத்தாமல் இருக்கிறாரோ? இங்கேயும் முட்டுக்கட்டையா? அவர் பார்க்காத மாதிரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, சாதாரண மனிதர்கள் துள்ளி எழும் அளவுக்குக் கூட்டினாள். விளக்கு அப்போதுதான் எரிந்தது. இன்னொரு காதில் அதுவும் இல்லை.

சிட்டுவின் கை தானாகவே இயந்திரத்திலிருந்து விலகியது. கூண்டுக் கதவைத் திறந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, வீட்டில் பேசும் அதே குரலில் கேட்டாள்:

"மாமா, நம்ம வீட்டுல எத்தனை பேர் இருக்கோம்?"

அவர் அட்டையைப் பார்த்தார். அவள் கண்களைப் பார்த்தார். பிறகு தயக்கமாகச் சிரித்து, "ஆமா" என்றார்.

அட்டை கீழே இறங்கியது. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

"எவ்வளவு நாளா மாமா இப்படி?"

இப்போது அவர் உதட்டைப் படித்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"அச்சகத்துல இருக்கும்போதே ஆரம்பிச்சிருச்சும்மா. அந்த மெஷின் ஓடுற சத்தத்துல ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துத்தான் பேசிக்குவோம். வேலைய விட்டு வந்தப்புறமும் அதுவே பழகிப்போச்சு. உங்க கல்யாணத்தப்பவே எனக்குப் பாதி கேக்காது."

"ஏன் சொல்லல? நான் செய்ற வேலையே இதுதானே!"

"அதான் வெக்கம். மருமக முன்னாடி போய்..." நிறுத்தினார். "அப்புறம் குழந்தை விஷயம் வந்துச்சு. அதையே நீங்க முதல்ல சொன்னப்ப எனக்கு விளங்கல. முகம் கழுவிட்டு வந்தப்புறம் இவன்தான் எதிர்ல உக்காந்து விவரமா சொன்னான். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா நான்தான் பார்த்துக்குவேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே. குழந்தை அடுத்த ரூம்ல அழுதா எனக்கு எப்படித் தெரியும்? இதைச் சான்றிதழ்ல போட்டுட்டா உங்க ஆசையில மண்ணு விழுந்துரும். அதான் இழுத்துக்கிட்டே போனேன்."

"அய்யோ மாமா! காது கேக்கலன்னா கருவி போட்டுக்கிட்டாப் போச்சு. யாரும் அதுக்காக வேணாம்னு சொல்ல மாட்டாங்க. மறைச்சாத்தான் தப்பு."

சொல்லிவிட்டு அவளே அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் தடுமாறினாள். காலையில் நகர்ந்த பேனா கண்முன் வந்தது.

"நான் எத்தனை தரம் பின்னால இருந்து கூப்பிட்டிருக்கேன். நீங்க திரும்பக்கூட மாட்டீங்க. உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னே நினைச்சேன்."

அவர் நிமிர்ந்தார். "நீ கூப்பிட்டியா?" என்றார். அந்தக் குரலில் பதற்றம் இருந்தது.

கொஞ்சம் ஆறியதும் கேட்டாள்: "காலைல அந்த அம்மா உங்ககிட்ட என்னதான் கேட்டாங்க?"

"யாருக்குத் தெரியும்? குனிஞ்சு எழுதிக்கிட்டே கேட்டாங்க. வாயே தெரியல. நல்ல அம்மாவா இருக்காங்களேன்னு எல்லாத்துக்கும் ஆமா போட்டு வெச்சேன்."

சிட்டுவுக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். இந்த ஐந்தாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை.

சிரிப்பு பாதியில் அவளிடம் செத்துப்போனது.

இத்தனை பெரிய சத்தமே எட்டாத காது இது. அடைத்த கதவுக்குப் பின்னால், தனக்கே கேட்காத குரலில் அவள் முணுமுணுத்தது இவருக்கு எங்கே கேட்டிருக்கும்?

அப்படியென்றால்?

பழகிப் பார்ப்பதற்கென்று கடையில் கொடுக்கும் கருவியை அவர் காதுக்குள் பொருத்தும்போது, அவள் விரல்கள் வேலையைச் செய்தன. மனம் அங்கே இல்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டடி வைத்தார், அப்படியே நின்றார். "என்னம்மா இது! என் செருப்பா இப்படிக் கத்துது?" தெருவில் போகும் சைக்கிளின் மணிச்சத்தத்துக்குத் திரும்பினார். பக்கத்துக் கடை ஷட்டர் இழுபடும் சத்தத்துக்கு முகம் சுளித்தார். "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேம்மா. நீ வீட்டுக்குப் போ. எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி கிளம்பிப் போனார்.

என்ன வேலை என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அவள் நினைப்பு முழுக்க இன்னொருவனைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இடி விழுந்தாலும் எழாதவன். உண்மையிலேயே எழாதவனா, எழாத மாதிரி படுத்திருந்தவனா?

மையத்தில் தனியாகப் பேசிவிட்டு வந்த அன்று, "என்ன கேட்டாங்க?" என்று அவள் ஆவலாகக் கேட்டதற்கு, "வேலை நேரம், சம்பளம், அப்பா உடம்பு... வழக்கமானதுதான்" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். முகத்தைக் காட்டாமல் சொன்னான். இப்போது யோசித்தால், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே சட்டையைக் கழற்றினானோ என்று தோன்றியது. பால்கனிக்கு வலை அடித்தான், பூட்டு வாங்கி வந்தான், போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனான். ஆனால் குழந்தையைப் பற்றி அவனாக ஒரு வார்த்தை பேசியிருக்கிறானா? பெயர் யோசித்தானா? அந்தச் 'சரி'க்குப் பிறகு அவன் வாயிலிருந்து அதைப்பற்றி வேறென்ன வந்தது?

மனைவிக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று கணவனே சொன்னால், அதற்கு மேல் எந்த மையம் குழந்தையைக் கொடுக்கும்?

அவன் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கையெல்லாம் கிரீஸ். நேராக அடுக்களைக் குழாயடிக்குப் போய்ச் சோப்பைப் போட்டுத் தேய்த்தான்.

"அப்பா எங்க?"

"நடக்கப் போயிருக்கார். காலைல மையத்துல இருந்து வந்துட்டுப் போனாங்க."

"எப்படிப் போச்சு?"

"நான் காலி ரூம்ல உக்காந்து பேசுவேனான்னு கேட்டாங்க."

சோப்புக் கை நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பவில்லை. அந்த முதுகே பதில் சொல்லிவிட்டது.

"மாமாதான் சொல்லிருப்பார்னு காலையிலிருந்து அவர் மேல பழி போட்டுட்டு இருந்தேன்" என்றாள். "அவருக்குக் காதே கேக்காது. தெரியுமா உங்களுக்கு?"

"என்னது?"

"அதை அப்புறம் பேசலாம். நீங்கதானே சொன்னீங்க?"

அவன் குழாயை மூடினான். துண்டை எடுத்தான், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆமா. நான்தான்."

"எதுக்கு?"

"மனசுல ஏதாவது பயம் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு? பொண்டாட்டி பைத்தியம்னா?"

"ச்சே! என்ன பேசுற நீ?" அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "நீ எழுந்து போறப்பல்லாம் நானும் எழுந்து வந்து கதவுக்கு வெளிய நிப்பேன். என்ன பேசுறேன்னு கேக்காது. குரல் மட்டும் கேக்கும். உள்ள வரலாம்னு கையை வெப்பேன். தைரியம் வராது. திரும்பிப் போய்ப் படுத்துக்குவேன்."

அவன் துண்டால் கையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என் பயம் என்னன்னா... நாளைக்கு ஒரு குழந்தை இந்த வீட்டுக்கு வரும். அது முகத்தைப் பார்த்து நீ பேசுவ. அப்ப நீ வந்த குழந்தைகிட்டப் பேசுவியா, போன குழந்தைகிட்டப் பேசுவியா? அதுதான் எனக்குத் தெரியல. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு, இன்னொரு புள்ளைக்கு ஈடா வந்து நிக்க? இதைத்தான் சொன்னேன்."

"இதை என்கிட்டத்தானே கேட்டிருக்கணும்!"

"கேட்டா நீ ஒடஞ்சு போயிருவியோன்னு..."

"நான் ஒடஞ்சுதான் கிடந்தேன். நீங்க கதவுக்கு வெளியில நின்னீங்க."

அவன் துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். அவள் அவனை அழவிட்டாள். தேற்றவேண்டும் என்று கை போனது, போக விடவில்லை. பிறகு எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல்ல போனதுகிட்டத்தான் பேசினேன்" என்றாள் மெதுவாக. "மன்னிச்சுக்கோன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது? அப்புறம் ஒரு நாள் சொல்றதுக்கு எதுவும் மிச்சம் இல்ல. எழுந்து வந்து படுத்துட்டேன். அதுக்கப்புறம் போகல. தத்தெடுக்கலாமான்னு உங்ககிட்டக் கேட்டது அதுக்கும் அப்புறம்தான். நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

அவன் துண்டை இறக்கினான். கண்கள் சிவந்திருந்தன.

"உங்களுக்கு இந்தக் குழந்தை வேணுமா, வேணாமா?" என்று கேட்டாள். "எனக்காக இல்ல. உங்களுக்கு. சட்டமே ரெண்டு பேரையும் தனித்தனியாத்தான் கேக்குது. ஒருத்தருக்கு மனசு இல்லன்னாலும் குடுக்க மாட்டாங்க."

"சம்மதம்தான்னு கையெழுத்துப் போட்டுட்டேனே."

"கையெழுத்தைக் கேக்கல."

"வேணும்" என்றான். "மனசாரத்தான் சொல்றேன்."

அவன் கண்களை அவள் துருவிப் பார்த்தாள். பொய் தெரியவில்லை. பொய் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. காலையில் இதே மாதிரி ஒருவர் முகத்தைப் பார்த்து அவளே பொய் சொன்னாளே, அது மட்டும் வெளியே தெரிந்ததா என்ன?

அந்த நினைப்பு வந்ததுமே போனை எடுத்தாள். மையத்து எண்ணை அழுத்தினாள். "யாருக்கு?" என்று கேட்ட கணவனுக்குப் பதில் சொல்லவில்லை.

"மேடம், நான்தான். காலைல உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். அந்த ரூம்ல நான் பேசினது நிஜம். மாதக்கணக்கா பேசினேன். இப்ப இல்ல. அதை மாத்தி எழுதிக்கணும். அதனால எங்களுக்குக் குழந்தை இல்லைன்னு ஆனாலும் பரவாயில்ல, மாத்தி எழுதிக்கோங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"மாத்திக்கறேம்மா" என்றது அந்த மெல்லிய குரல். "இதை நீங்களா கூப்பிட்டுச் சொல்லணும்னுதான் நான் இன்னும் அறிக்கையை மூடாம வெச்சிருந்தேன். துக்கத்துல பேசுறதெல்லாம் நோய் இல்ல. எங்க ஆலோசகர்கிட்ட ரெண்டு பேரும் ஒருதரம் வந்து உக்காருங்க, போதும்."

சிட்டுவுக்குக் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் மெல்ல நகர்ந்தது. கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் பெருமூச்சு விட்டான்.

"ஆனா ஒரு விஷயம்" என்றது குரல். "உங்க மாமனார் இப்ப இங்கதான் இருக்கார்."

"அங்கயா?"

"காதுல கருவியோட வந்து உக்காந்திருக்கார். காலைல கேட்டது எதுவும் காதுல விழல, எல்லாத்துக்கும் சும்மா ஆமான்னுட்டேன், முதல்லேர்ந்து மறுபடி கேளுங்கன்னு ஒரே பிடிவாதம். கேட்டேன். எல்லாப் பதிலும் அப்படியேதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறிப்போச்சு. அதை உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவரே கேட்டார்."

"எந்தக் கேள்வி மேடம்?"

"உங்க மகன் இந்தக் குழந்தையை மனசார விரும்புறாரான்னு கேட்டிருந்தேன். காலைல ஆமான்னார். இப்ப, அவன் வாய் ஒண்ணு சொல்லுது, முகம் வேற சொல்லுதுங்கறார்."

சிட்டு கணவனைப் பார்த்தாள். அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"யாரு? என்ன சொல்றாங்க?" என்றான்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். இருவருக்கும் நடுவே மேசையின் மீது வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க மேடம்" என்றாள். "அவரும் கேட்டுக்கிட்டிருக்கார்."